நன்னீரோரம் ஒரு வீடு: டண்டினொங் பகுதியில் வீடு வாங்குவோரும் காட்டுயிர்களும்

ஆஸ்திரேலியாவின் மெல்பேர்ன் நகர மையத்திலிருந்து தென்கிழக்கே சுமார் 30 கிலோமீட்டர் தொலைவில் உள்ள டண்டினொங், அந்நாட்டில் குடியேறிய தமிழர்கள் பலருக்கு முதல் முகவரியாக அமைந்த இடம். பெரிய டண்டினொங் நகரசபைப் பகுதியில் வசிப்பவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் வெளிநாடுகளில் பிறந்தவர்கள். வாடகை வீட்டில் தொடங்கி, சில ஆண்டுகளில் கீஸ்பரோ, லின்புரூக், நாரி வாரன், கிரான்பேர்ன், பாக்கனம் எனத் தெற்கிலும் கிழக்கிலும் விரியும் புறநகர்களில் சொந்த வீடு வாங்குவது இங்குள்ள குடும்பங்களின் வழக்கமான பயணம்.

இப்புதிய குடியிருப்புகளின் விளம்பரங்களில் தவறாமல் இடம்பெறுவது நீர். ஏரியை நோக்கிய மனை, ஓடையோர நடைபாதை, வாத்துகள் நீந்தும் குளம் ஆகியவை விலையை உயர்த்துகின்றன. ஆனால் அந்த நீர் யாருடைய வாழிடம், அதைக் காக்கும் சட்டங்கள் வீட்டு உரிமையாளரை எவ்வாறு கட்டுப்படுத்துகின்றன, அங்கு வாழும் உயிரினங்களால் வரக்கூடிய ஆபத்துகள் எவை என்பனவற்றை விளம்பரங்கள் கூறுவதில்லை. வாழ்நாளின் மிகப் பெரிய கடனை ஏற்கும் ஒரு குடும்பத்துக்கு இவை ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன்பே தெரிந்திருக்க வேண்டிய விடயங்கள்.

ஓடையின் இரு முனைகள்

இப்பகுதியின் நீரியல் அமைப்பைப் புரிந்துகொள்ள, மெல்பேர்ன் தமிழர்கள் நன்கறிந்த இரண்டு கோயில்களை அடையாளமாகக் கொள்ளலாம். டண்டினொங் மலைத்தொடரின் அடிவாரத்தில், த பேசின் என்ற இடத்தில் உள்ளது வக்ரதுண்ட விநாயகர் ஆலயம். டண்டினொங் ஓடை உற்பத்தியாகும் மலைச்சரிவுகள் இதன் அருகே உள்ளன. அங்கிருந்து மேற்கிலும் பின்னர் தெற்கிலும் திரும்பி, சுமார் 50 கிலோமீட்டர் பயணம் செய்யும் நீர், பாட்டர்சன் ஆற்றின் வழியாகப் போர்ட் பிலிப் விரிகுடாவைச் சேர்கிறது. ஓடையின் இந்தக் கீழ்ப்பகுதிக்கு அண்மையில், கேரம் டவுன்ஸில், சிவா விஷ்ணு ஆலயம் உள்ளது.

ஐரோப்பியர் குடியேறுவதற்கு முன்னர் இந்த ஓடை கடலை நேரடியாக அடையவில்லை. மோர்டியலொக் முதல் ஃபிராங்ஸ்டன் வரை கடற்கரை மணல்மேட்டுக்குப் பின்னால் பரந்து கிடந்த பல ஆயிரம் ஹெக்டேர் கேரம் சதுப்பு நிலத்தில் அது கலந்து பரவியது. பூனுரொங் மக்களுக்கு மீனும் விலாங்கும் பறவை முட்டைகளும் அளித்த நிலம் அது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் விவசாயத்துக்காக அந்தச் சதுப்பு வடிக்கப்பட்டது. 1870களில் வெட்டப்பட்ட கால்வாயே இன்று பாட்டர்சன் ஆறு எனப்படுகிறது. பின்னாளில் விக்டோரியாவின் பிரதமராகப் பதவி வகித்த ஜேம்ஸ் பாட்டர்சனின் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது. கிழக்கே இருந்த கூ வீ ரப் பெருஞ்சதுப்பும் இவ்வாறே வடிக்கப்பட்டது. 1934இல் ஏற்பட்ட பெருவெள்ளம் அங்கு நீர் தன் பழைய இடத்தை மறந்துவிடவில்லை என்பதை உணர்த்தியது.

கேரம் சதுப்பில் இன்று எஞ்சியிருப்பது எடித்வேல், சீஃபோர்ட் ஆகிய இரு இடங்களில் உள்ள 261 ஹெக்டேர் ஈரநிலம் மட்டுமே. இது 2001ஆம் ஆண்டு சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ராம்சார் ஈரநிலமாகப் பட்டியலிடப்பட்டது. சைபீரியாவில் இனப்பெருக்கம் செய்து, ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்து வரும் கூர்வால் உள்ளான்களும், நாணலுக்குள் மறைந்து வாழும் அரிய ஆஸ்திரேலியக் குருகுகளும் இங்கு தங்குகின்றன.

இந்த ஈரநிலத்தின் பாதுகாப்பு அதன் வேலியோடு முடிந்துவிடுவதில்லை. எடித்வேல், பொன்பீச் ஆகிய இடங்களில் ரயில் பாதையைத் தரைக்குக் கீழே கொண்டுசெல்லும் திட்டம் முன்வைக்கப்பட்டபோது, அது நிலத்தடி நீரோட்டத்தைத் தடுத்து ஈரநிலத்தைப் பாதிக்குமா என்பதை ஆராய, சுற்றுச்சூழல் விளைவு அறிக்கை தயாரிக்க வேண்டும் என 2017இல் மாநில அரசு உத்தரவிட்டது. ஆய்வுக்கும் ஒப்புதலுக்கும் பின்னரே பணிகள் நடந்து, 2021இல் அக்கடவைகள் அகற்றப்பட்டன. அரசின் திட்டத்துக்கே பொருந்தும் இந்தத் தர்க்கம், அருகில் வீடு கட்டும் தனிநபர்களுக்கும் பொருந்தக்கூடியது என்பது குறிப்பிடத்தக்கது.

அருகி வரும் அயலவர்கள்

தென்கிழக்கு மெல்பேர்னின் நீர்நிலைகளில் வாழும் சில உயிரினங்கள் சட்டத்தின் தனிப் பாதுகாப்பைப் பெற்றவை. அவற்றுள் முக்கியமானது உறுமும் புல்தவளை எனப் பொருள்படும் பெயர் கொண்ட பெரிய பச்சைத் தவளை. அதன் குரல் மோட்டார் சைக்கிள் உறுமலை ஒத்திருப்பதாகக் கூறுவர். ஒருகாலத்தில் சாதாரணமாகக் காணப்பட்ட இத்தவளை, வாழிட இழப்பாலும் கைட்ரிட் என்ற பூஞ்சை நோயாலும் வேகமாகக் குறைந்து, 1999ஆம் ஆண்டின் மத்திய சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அழியும் அபாயமுள்ள உயிரினமாகப் பட்டியலிடப்பட்டுள்ளது.

நகர விரிவாக்கம் இத்தவளையின் வாழிடங்களை நோக்கியே நகர்ந்ததால், மெல்பேர்னின் வளர்ச்சிப் பகுதிகளுக்கான உயிர்ப்பல்வகைமைப் பாதுகாப்பு உத்தியை விக்டோரிய அரசு 2013இல் வெளியிட்டது. கேசி, கார்டினியா நகரசபைப் பகுதிகளின் சில ஓடையோர நிலங்கள் இதன்படி தவளைகளுக்கான பாதுகாப்புப் பகுதிகளாக ஒதுக்கப்பட்டன. வளர்ச்சிப் பகுதிகளில் நிலத்தைப் பிரித்து மனையாக்குவோர் செலுத்த வேண்டிய சுற்றுச்சூழல் ஈடுசெய் வரி, 2020ஆம் ஆண்டுச் சட்டம் மூலம் முறைப்படுத்தப்பட்டது. இந்த வரியைப் பொதுவாக நிலத்தை மேம்படுத்தும் நிறுவனமே செலுத்தும். ஆனால் பிரிக்கப்படாத பெரிய நிலத்தை வாங்கி, பின்னர் பிரிக்கலாம் என எண்ணும் குடும்பங்கள் அப்பொறுப்பு தம்மீது வரக்கூடும் என்பதைக் கணக்கில் கொள்ள வேண்டும்.

கிரான்பேர்ன் தாவரவியல் பூங்காவைச் சுற்றிய பகுதிகளில் வாழும் தெற்குப் பழுப்புப் பாண்டிகூட் 2001இல் அழிவின் விளிம்பில் உள்ள உயிரினமாக மத்திய அரசால் அறிவிக்கப்பட்டது. பாண்டிகூட் என்ற பெயரே பெருச்சாளியைக் குறிக்கும் தெலுங்குச் சொல்லிலிருந்து ஆங்கிலத்துக்குச் சென்றதாகும். ஆயினும் இது எலியினம் அல்ல. கங்காருவைப் போன்று பையில் குட்டியைச் சுமக்கும் விலங்கு. புதர் அடர்ந்த வாய்க்கால் கரைகளே அதன் புகலிடம். பெருச்சாளி எனத் தவறாக எண்ணி நஞ்சு வைப்பதும் பொறி வைப்பதும் சட்டச் சிக்கலில் முடியக்கூடும்.

மலையடிவாரத்தில் ஓடும் மொன்பல்க் ஓடையில் பிளாட்டிபஸ் வாழ்கிறது. முட்டையிட்டுப் பாலூட்டும் இந்த விலங்கு 2021 ஜனவரியில் விக்டோரியாவில் அழியும் அபாயமுள்ளதாகப் பட்டியலிடப்பட்டது. நகரத்தின் கூரைகளிலும் சாலைகளிலும் விழும் மழைநீர் ஒரே நேரத்தில் பாய்ந்து ஓடையை அரிப்பதும், கோடையில் நீர் வற்றிப்போவதும் அதன் முக்கியப் பிரச்சினைகள். இதற்காக, வீடுகளின் மழைநீர்த் தொட்டிகளை இணையம் வழியே இயக்கி, தேவையான நேரத்தில் ஓடைக்கு நீர் விடும் திட்டம் ஒன்று மொன்பல்க் ஓடைப் பகுதியில் தொடங்கப்பட்டது. ஒரு வீட்டின் கூரையும் ஓடையின் உயிரும் எவ்வளவு நெருக்கமாகப் பிணைக்கப்பட்டுள்ளன என்பதற்கு இது தக்க எடுத்துக்காட்டு.

பாம்புகள்: அச்சமும் உண்மையும்

வடக்கு ஆஸ்திரேலியாவின் முதலைகளைப் பற்றிக் கேள்விப்பட்டு வருவோர், ஓடையோர வீட்டைப் பார்க்கும்போது முதலில் கேட்கும் கேள்வி முதலை பற்றியதாக இருக்கலாம். விக்டோரியா மாநிலத்தின் ஆறுகளிலோ ஏரிகளிலோ காட்டு முதலைகள் இல்லை. அவை வெப்பமண்டல வடபகுதிக்கு உரியவை.

பாம்புகள் விடயம் வேறு. தவளைகளை விரும்பி உண்ணும் புலிப் பாம்பும், தாழ்நிலக் காப்பர்ஹெட் பாம்பும் நீர்நிலைகளை ஒட்டியே வாழ்கின்றன. வறண்ட புல்வெளிகளில் கிழக்குப் பழுப்புப் பாம்பு காணப்படுகிறது. மூன்றும் கொடிய நஞ்சுள்ளவை. வசந்த காலம் தொடங்கி இலையுதிர் காலத்தின் நடுப்பகுதி வரை இவை நடமாடும்.

ஆயினும் அச்சத்தை அளவோடு வைப்பது நல்லது. ஆஸ்திரேலியா முழுவதிலும் பாம்புக்கடியால் ஆண்டுக்குச் சராசரியாக இரண்டு அல்லது மூன்று பேரே உயிரிழக்கின்றனர். இந்தியாவில் 2000 முதல் 2019 வரையான காலத்தில் ஆண்டுக்குச் சராசரியாக 58 ஆயிரம் பேர் இறந்ததாக ஆய்வு ஒன்று மதிப்பிட்டுள்ளது. நஞ்சுமுறி மருந்தும் விரைவான மருத்துவ வசதியும், பாம்பை மிதிக்கும் வாய்ப்புக் குறைந்த வாழ்க்கை முறையுமே இவ்வேறுபாட்டின் முக்கியக் காரணங்கள்.

முதலுதவியில் தாயகத்துக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் உள்ள வேறுபாட்டைத் தமிழர்கள் குறிப்பாக அறிந்திருக்க வேண்டும். ஆஸ்திரேலியப் பாம்புக்கடிக்கு, கடித்த கை அல்லது கால் முழுவதையும் அகன்ற நெகிழ்துணியால் இறுக்கமாகச் சுற்றி, அசையாமல் வைக்க வேண்டும். 1970களின் இறுதியில் மெல்பேர்ன் மருத்துவர் ஸ்ட்ருவன் சதர்லண்ட் உருவாக்கிய முறை இது. கடிவாயைக் கழுவக் கூடாது, கீறக் கூடாது, கயிற்றால் கட்டக் கூடாது, நடக்கவும் கூடாது. 000 எண்ணை அழைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். பாம்பைப் பிடிக்கவோ அடையாளம் காணவோ முயலத் தேவையில்லை. தசையை அழுகச் செய்யும் விரியன் கடிகள் மிகுந்த இந்தியாவிலும் இலங்கையிலும் இறுக்கிச் சுற்றும் இம்முறை பொதுவாகப் பரிந்துரைக்கப்படுவதில்லை என்பதால், ஊரில் கற்றதை இங்கும், இங்கு கற்றதை ஊரிலும் அப்படியே பின்பற்றுவது பொருந்தாது.

மேலும், விக்டோரியாவின் 1975ஆம் ஆண்டுக் காட்டுயிர்ச் சட்டத்தின்படி எல்லாப் பாம்புகளும் பாதுகாக்கப்பட்டவை. வீட்டுத் தோட்டத்தில் காணப்படும் பாம்பை அடித்துக் கொல்வது குற்றம். உரிமம் பெற்ற பாம்பு பிடிப்பவரையே அழைக்க வேண்டும். அதற்கான கட்டணத்தைப் பொதுவாக வீட்டில் வசிப்பவரே செலுத்த நேரும். புல்லைக் குட்டையாக வெட்டுவது, விறகு, ஓடு, தகரக் குவியல்களை அகற்றுவது, எலிகளைக் கவரும் கோழித் தீவனத்தைச் சிந்தாமல் வைப்பது ஆகியவை பாம்பு வரவைக் குறைக்கும்.

கொசுவும் நீரும்

பாம்பைவிட அன்றாடத் தொல்லையாக அமைவது கொசு. ராஸ் ரிவர் வைரஸ் என்ற மூட்டுவலி நோயைக் கொசுக்கள் பரப்புகின்றன. 2022இல் ஜப்பானிய மூளையழற்சியும் விக்டோரியாவில் கண்டறியப்பட்டது.

விக்டோரியாவில் உள்ள இன்னொரு கவலை புருலி புண். 1948இல் பெர்ன்ஸ்டேல் பகுதி நோயாளிகளை வைத்து முதன்முதலாக விவரிக்கப்பட்ட இத்தோல் நோய், தொடக்கத்தில் வலியற்ற சிறு கட்டியாகத் தோன்றி, கவனிக்காவிட்டால் ஆழமான புண்ணாக மாறும். பொசம் எனப்படும் மரவிலங்குகளில் காணப்படும் இக்கிருமியைக் கொசுக்கள் மனிதருக்குக் கடத்துகின்றன என்பதற்கு வலுவான சான்றுகளை 2024இல் வெளியான ஆய்வு முன்வைத்தது. மோர்னிங்டன் தீபகற்பத்தில் அதிகமாகவும், ஃபிராங்ஸ்டன், சீஃபோர்ட் பகுதிகளிலும் இந்நோய் காணப்பட்டுள்ளது. ஆறாத புண்ணோ கட்டியோ இருந்தால், தாம் வசிக்கும் பகுதியை மருத்துவரிடம் குறிப்பிட்டுக் கூறுவது நோயை விரைவில் கண்டறிய உதவும். தொடக்கத்திலேயே கண்டறிந்தால் நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளால் குணப்படுத்தலாம்.

ஏரி என்று விற்கப்படும் நீர்ப்பரப்பு, பெரும்பாலும் மழைநீரைச் சுத்திகரிப்பதற்காக அமைக்கப்பட்ட செயற்கை ஈரநிலம் என்பதையும் வாங்குபவர் அறிந்திருக்க வேண்டும். கோடையில் அதன் நீர்மட்டம் தாழ்ந்து சேறு தெரியலாம். நாணல் வளர்ந்து நீரை மறைக்கலாம். நீலப்பச்சைப் பாசி படரும் காலங்களில் நீரைத் தொடக் கூடாது என அறிவிப்புப் பலகை வைக்கப்படலாம். அந்நீரைக் குடிக்கும் நாய்கள் இறக்கவும் கூடும். கடிக்காத சிறு பூச்சிகள் இரவில் விளக்கொளியை மொய்க்கும். இவை பராமரிப்புக் குறைபாடுகள் அல்ல, ஈரநிலத்தின் இயல்புகள். சேறு தெரியும் காலத்திலேதான் உள்ளான்கள் இரை தேட வருகின்றன.

கையெழுத்துக்கு முன்

விக்டோரியாவில் வீடு விற்பவர், 1962ஆம் ஆண்டின் நில விற்பனைச் சட்டத்தின் 32ஆம் பிரிவின்படி ஓர் அறிக்கை அளிக்க வேண்டும். பேச்சுவழக்கில் செக்‌ஷன் 32 எனப்படும் இந்த ஆவணத்தில், அந்த மனைக்குப் பொருந்தும் ஓவர்லே எனப்படும் திட்டமிடல் கட்டுப்பாடுகளின் பெயர்கள் இருக்கும். நீரோரம் வீடு வாங்குவோர் அவற்றுள் நான்கைக் கவனிப்பது அவசியம். முதலாவது, சுற்றுச்சூழல் முக்கியத்துவ ஓவர்லே. இரண்டாவது, மரஞ்செடிகளைக் காக்கும் தாவரப் பாதுகாப்பு ஓவர்லே. மூன்றாவது, ஆறு, ஓடை பெருகினால் மூழ்கும் நிலத்துக்கான ஓவர்லே. நான்காவது, வடிகால் கொள்ளாமல் மழைநீர் பாயும் பகுதிகளுக்கான சிறப்புக் கட்டட ஓவர்லே.

இவற்றில் ஒன்று இருந்தாலும், பின்னாளில் ஓர் அறையைச் சேர்த்துக் கட்டவோ, வேலி அமைக்கவோ, மரம் வெட்டவோ அனுமதி தேவைப்படலாம். தாய் தந்தையரை வரவழைத்துத் தங்கவைக்கப் பின்புறம் சிறுவீடு கட்டலாம் என்ற எண்ணத்தோடு வாங்கும் குடும்பத்துக்கு இது ஏமாற்றமாக முடியக்கூடும். இந்த விவரங்களை மாநில அரசின் விக்பிளான் வரைபடத்தில் எவரும் இலவசமாகப் பார்க்கலாம். வெள்ள விவரங்களை இப்பகுதியின் வெள்ளச் சமவெளிகளுக்குப் பொறுப்பான மெல்பேர்ன் வாட்டர் அமைப்பிடம் கேட்டுப் பெறலாம்.

2020 மார்ச் முதல், முக்கியமான உண்மைகளை விற்பவரோ முகவரோ தெரிந்தே மறைப்பது விக்டோரியாவில் குற்றமாகும். நேரடியாகக் கேட்கப்பட்ட கேள்விக்கு மறைத்துப் பதிலளிப்பது கடினம் என்பதால், வெள்ளம் புகுந்ததுண்டா, நிலத்தில் பாதுகாக்கப்பட்ட உயிரினம் குறித்த நிபந்தனை உள்ளதா என எழுத்து மூலம் கேட்பது நல்லது. தனியார் விற்பனையில் கையெழுத்திட்ட பின்னரும் மூன்று முழு வேலை நாட்களுக்குள் விலகிக்கொள்ள வாங்குபவருக்குப் பொதுவாக உரிமை உண்டு. ஏலத்தில் வாங்கினால் அவ்வுரிமை இல்லை. எனவே ஏலத்துக்குச் செல்வோர் ஆவணங்களை முன்கூட்டியே சட்டத்தரணியிடம் காட்ட வேண்டும். வெள்ளக் காப்புறுதிக்கான கட்டணத்தையும் வாங்கும் முன்பே விசாரிக்க வேண்டும்.

குடியேறிய பின்

மெல்பேர்னில் கழிவுநீரும் மழைநீரும் தனித்தனிக் குழாய்களில் செல்கின்றன. கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்துக்குச் செல்லும். தெருவோர வடிகாலில் விழும் நீரோ ஓடையையே அடையும். வீட்டு முற்றத்தில் கார் கழுவிய சவர்க்கார நீரும், தோட்டத்து உரமும், பூச்சிமருந்தும் தவளைக் குஞ்சுகள் வாழும் நீரிலேயே சென்று சேர்கின்றன.

குழந்தைகளோடு சென்று வாத்துகளுக்கும் நீலத் தாழைக்கோழிகளுக்கும் ரொட்டி போடுவது அன்புச் செயலாகத் தோன்றினாலும், அது பறவைகளின் உடல்நலத்தைக் கெடுத்து, நீரையும் மாசுபடுத்தி, எலிகளைக் கவர்கிறது. வளர்ப்பு மீன்களை ஏரியில் விடுவது மேலும் தீங்கானது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கப் பகுதியில் கொசுவை ஒழிக்கவெனக் கொண்டுவரப்பட்ட கம்பூசியா மீன், கொசுவை ஒழிக்கவில்லை. மாறாகத் தவளைக் குஞ்சுகளையும் உள்நாட்டுச் சிறுமீன்களையும் அழிக்கும் பகையாக மாறியது. நன்னண்டு பிடிக்கப் பயன்படும் மூடிய பொறிகள், அவற்றுள் பிளாட்டிபஸ் சிக்கி மூழ்கி இறப்பதால், 2019 ஜூலை முதல் விக்டோரியாவில் தடை செய்யப்பட்டுள்ளன.

பூனை வளர்ப்போருக்கும் கட்டுப்பாடுகள் உண்டு. கேசி, நொக்ஸ் ஆகிய அயல் நகரசபைகள் பூனைகளை 24 மணி நேரமும் வீட்டு எல்லைக்குள் வைத்திருக்க வேண்டும் என விதித்துள்ளன. விதிகள் நகரசபைக்கு நகரசபை மாறுபடுவதால், குடியேறும் இடத்தின் விதியை விசாரிப்பது அவசியம்.

தாயகத்தின் படிப்பினை

ஈரநிலத்தை வடித்து வீடு கட்டுவதன் விளைவைத் தமிழர்கள் வேறு இடங்களிலும் கண்டுள்ளனர். சென்னையின் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் ஒருகாலத்தில் பல ஆயிரம் ஹெக்டேர் பரந்திருந்தது. குப்பை மேடும் சாலைகளும் அலுவலகங்களும் அடுக்குமாடிகளும் அதைச் சுருக்கின. 2015 டிசம்பர் வெள்ளத்தில் அதைச் சுற்றிய குடியிருப்புகள் நீரில் தத்தளித்தன. 2022இல் 1,247 ஹெக்டேர் ராம்சார் பகுதியாக அறிவிக்கப்பட்டது. இலங்கையில், கொழும்பு நகரம் தன் எஞ்சிய ஈரநிலங்களுக்காக 2018இல் ராம்சார் ஈரநில நகரம் என்ற தகுதியைப் பெற்றது. மீன்பிடிப் பூனைகள் இன்றும் அந்நகரில் வாழ்கின்றன. அங்கும் சதுப்பை நிரப்பிய இடங்களில் வெள்ளம் ஒரு தொடர்கதை.

மெல்பேர்னுக்கும் இந்நகரங்களுக்கும் உள்ள வேறுபாடு சதுப்பை அழித்ததில் இல்லை. அதை அனைவரும் செய்தனர். எஞ்சிய சிறு துண்டைக் காக்கும் விதிகள், ஒவ்வொரு மனையின் ஆவணத்திலும் எழுதப்பட்டு, வாங்குபவர் பார்வைக்குக் கிடைக்கின்றன என்பதே வேறுபாடு. அவற்றைப் படிக்காமல் வாங்குபவருக்கு அவை தடைகளாகத் தோன்றும். படித்து வாங்குபவருக்கோ, தம் பணத்தையும் பாதுகாப்பையும் உறுதிசெய்யும் தகவல்களாக அவை அமையும்.

ஓடையோர வீட்டை வாங்குவதா வேண்டாமா என்பது ஒவ்வொரு குடும்பத்தின் முடிவு. ஆனால் கேரம் சதுப்பின் கடைசி 261 ஹெக்டேரின் எதிர்காலம், அரசின் பட்டியல்களைப் போலவே, அதற்கு நீர் வழங்கும் தெருக்களில் வசிப்போரின் அன்றாடப் பழக்கங்களையும் பொறுத்திருக்கிறது. அந்தத் தெருக்களில் தமிழ்க் குடும்பங்களும் வசிக்கின்றன.